சிமெண்ட் அரித்த கையும் அஞ்சலையின் கையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு வந்தது பெருவியாதி இல்லை, குஷ்டம் இல்லை. ஒட்டுவாரொட்டியும் இல்லை. எந்தப் பேச்சானாலும் இதைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. போன வாரம்கூடத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெடித்துத் தடித்துப்போன என் விரல்களைப் பார்த்துவிட்டு, சீட்டில் இருந்த ஒரு அம்மா மடியிலிருந்த பிள்ளையைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். “இன்னாம்மா, என் கை உன் புள்ளயக் கடிச்சிடுமா?” என்று கேட்டுவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. அப்புறம் யோசித்தேன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, என் வீட்டிலேயே யாருக்கும் தெரியாமல்தானே இத்தனையும் நடந்தது. சிமெண்டில் கை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கும் அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் போகிற சாலையில் ஒரு சிமெண்ட் குழாய் கம்பெனி. கிணற்று உறை, சாக்கடைக் குழாய், ஜன்னல் ஜாலி எல்லாம் அங்கே வார்ப்போம். அச்சைக் கழற்றியதும் உறையின் உட்புறத்தை வழவழவென்று ஆக்குவது என் வேலை. கொத்துக் கரணை போட்டால் வளைவில் கோடு விழும். வெறும் உள்ளங்கையால் தடவினால்தான் விழாது. “ஏழுமல கை பட்டா உற கண்ணாடிடா” என்பார் மேஸ்திரி. அந்த ஒரு வார்த்தைக்காக நாளெல்லாம் தடவிக்கொண்டே இருப்பேன். முதலாளி ஒருமுறை ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தார். அதற்குள் சிமெண்ட் தண்ணீர் இறங்கிக் கையை வேகவைத்ததுதான் மிச்சம். கழற்றிக் கொட்டகைக் கம்பில் மாட்டினோம், மாட்டினதுதான்.

வேலை முடிந்ததும் உறைகளை ஊறப்போடுகிற தொட்டியிலேயே கைகால் கழுவுவோம். பம்பு ரோட்டோரம் இருந்தது, அவ்வளவு தூரம் யார் போவது? தொட்டித் தண்ணீர் சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். அழுக்கு நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டோம். அந்த வழுக்கலே சிமெண்டின் காரம்தான் என்று பின்னால் ஒரு தோல் டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்தது.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரையில் விரல் இடுக்கில் அரிப்பு தொடங்கியது. கம்பெனியில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “சிமெண்ட் அரிச்சிருக்கும், தேங்கா எண்ண தடவு” என்றார்கள். எல்லோருக்கும் அரிக்கும், இரண்டு நாளில் ஆறும். எனக்கு ஆறவில்லை. கொப்புளம் வந்தது, உடைந்து நீர் வடிந்தது, காய்ந்து வெடித்தது, வெடிப்புக்குள் மறுபடி சிமெண்ட் போனது. சோற்றில் கை வைத்தால் உயிர் போகும். பக்கத்துத் தெருவில் ஒருவர் அக்கி என்று சொல்ல, குயவர் வீட்டில் போய் உட்கார்ந்தேன். அவர் காவியைக் குழைத்து இரண்டு முழங்கையிலும் சிங்கம் எழுதினார். என் மனைவி அஞ்சலை பார்த்துவிட்டுச் சிரித்தாள். “இவ்ளோ சிங்கத்த வச்சிக்கினு அரிப்புக்குப் போயி பயப்படறீங்களே” என்றாள். அக்கிக்கு அது கேட்குமோ என்னவோ, எனக்கு வந்தது அக்கி இல்லை. காவி காய்ந்து இழுக்க இழுக்கப் புண்தான் பெரிதானது.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டு வருஷம்கூட முடியவில்லை. அஞ்சலைக்குக் கிளியனூர். அதிகம் பேசமாட்டாள், ஆனால் கை சும்மா இருக்காது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைப்பாள், கீற்று முடைவாள், கிழிந்ததை எல்லாம் தைப்பாள். கிடங்கல் பக்கம் ஒரு கூரை வீட்டில் குடியிருந்தோம். மண் தரை, சாணி போட்டு மெழுகினது. தரை எப்படி என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது பெரிய விஷயமாகப் போகிறது.

ஒருநாள் மேஸ்திரி என் கையை உற்றுப் பார்த்தார். அப்புறம் என் டம்ளரை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்.  அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? அன்று சாயங்காலமே அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வெளித் தாழ்வாரத்தில் பெஞ்சு நிறைய ஜனம். என் பக்கத்தில் மட்டும் இடம் காலியாக இருந்தது. உள்ளே கூப்பிட்டதும் டாக்டர் கையை மேலோட்டமாகப் பார்த்தார், சட்டையைக் கழற்றச் சொன்னார், காது மடலைத் தடவினார். பிறகு, “கண்ண மூடிக்க. எங்க தொடறேன்னு விரல் வச்சிக் காட்டு” என்றார். பஞ்சைத் திரித்து என் தோலில் மெல்லத் தொட்டார். எதற்காக அப்படிச் செய்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த வியாதி வந்த இடத்தில் தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. எங்கள் ஊரில் அதைப் பார்க்காதவர்கள் யார்?  பஞ்சு பட்ட இடத்தில் எல்லாம் விரலை வைத்தேன். அடுத்து ஊசி முனை.

“வலிக்குதா?”

“வலிக்குதுங்க.”

“இங்க?”

“ஐயோ, வலிக்குதுங்க டாக்டர்.”

“அப்ப உனக்கு அது இல்லப்பா. இருந்தாலும் இப்ப மாத்திர வந்திருக்கு, சாப்ட்டா போயிடும். அதுக்கே பயப்பட வேணாம். இது வேற. விழுப்புரத்துல தோல் டாக்டர் வர்ற நாள்ல போய்க் காட்டு” என்றார்.

வெளியே ஓடி வந்தேன். தூணோரம் நின்றிருந்த அஞ்சலையிடம், “வலிக்குதுமே! நல்லா வலிக்குது!” என்று சொன்னேன். பெஞ்சில் இருந்தவர்கள் நான் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வலிப்பதற்காகச் சந்தோஷப்பட்டது என் ஜென்மத்தில் அந்த ஒரு தடவைதான்.

தோல் டாக்டர் வருகிற நாள்வரை கை பொறுக்கவில்லை. சீழ் வைத்துவிட்டது. மணிக்கட்டுவரை வீங்கி, ஜுரமும் வந்தது. என் அக்கா கன்னியம்மா விழுப்புரத்தில் இருந்தாள், அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். அவள் வந்து பார்த்துவிட்டு விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தாள்.

பெரிய வார்டு. பினாயில் வாடை, இரும்புக் கட்டில், வெளுத்த ரெக்சின் மெத்தை. காலையும் மாலையும் ஒரு பேசினில் ரோஸ் நிறத் தண்ணீர் வைப்பார்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்று பெயர், புண்ணைக் காயவைக்கிற மருந்து. அதில் கையை ஊறவைத்து எடுத்தால் நகமெல்லாம் பழுப்பாகிவிடும். பிறகு களிம்பு, அதற்குமேல் துணிக்கட்டு. இரண்டு கையும் பொட்டலமாகிவிட்டது. மூக்கு அரித்தாலும் ஆள் வேண்டும். இரவெல்லாம் கட்டுக்குள் பூச்சி ஊருகிறாற்போல இருக்கும், சொறிய முடியாமல் கட்டில் கம்பியில் தேய்ப்பேன். சிஸ்டர் பார்த்தால் திட்டுவார்.

தோல் டாக்டரம்மா நடுத்தர வயது. மெதுவாகப் பேசுவார், ஆனால் கேள்வி கேட்டால் விடமாட்டார். எனக்கு வந்ததன் பெயர் தொடுதோல் அழற்சி என்றார். தோலுக்கு ஆகாத பொருள் பட்டுப் பட்டுத் தோல் கெட்டுப்போவதாம். “சிமெண்டோட காரம் முதல்ல தோல அரிக்குது. அரிச்ச தோல் வழியா சிமெண்ட்ல இருக்கற ஒரு உப்பு உள்ள போகுது. உடம்பு அந்த உப்ப எதிரின்னு முடிவு பண்ணிட்டா, அப்புறம் துளி பட்டாலும் சும்மா விடாது” என்று விளக்கினார். பங்காளிச் சண்டை மாதிரி என்று எனக்குப் புரிந்தது. ஒருமுறை முகம் முறிந்துவிட்டால் அவன் தெருவில் இருமினாலும் ஆகாது.

“அப்ப வேலை?” என்று கேட்டேன்.

“இந்த வேலை வேணாம் ஏழுமலை” என்றார். உள்ளங்கையைப் பற்றி எனக்கு இருந்த பெருமை எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்தது.

அஞ்சலை திண்டிவனத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். தூக்கில் கேப்பைக் கூழோ ரசம் சோறோ இருக்கும். சோற்றைப் பிசைந்து உருட்டி என் வாயில் வைப்பாள். பக்கத்துக் கட்டிலில் மண்வெட்டி பட்டுக் கால் பிளந்த பனமலைக்காரர் ஒருவர் இருந்தார். “யோவ், எனக்கு காலுக்குப் பதிலா கையில பட்டிருக்கக் கூடாதா? என் பொண்டாட்டியும் ஊட்டியிருப்பா” என்பார். வார்டே சிரிக்கும். அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டு அடுத்த உருண்டையைப் பெரிதாக உருட்டுவாள்.

கை ஆறியது. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன அன்று அஞ்சலை எனக்கு ஒரு அதிசயம் வைத்திருந்தாள். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது உட்கார்ந்து ஒரு மெத்தை தைத்திருந்தாள். மேலும் கீழும் அவளுடைய பழைய பச்சைச் சேலை. கோணி ஊசியால் நெருக்க நெருக்கமாகப் போட்ட தையல். “ஒடம்பு ஓஞ்சி வரீங்க, தரையில பாயப் போட்டுக்கினு படுத்தா எலும்பு குத்தும்ல” என்றாள். ராஜா மாதிரி மல்லாந்து படுத்தேன். என் வாழ்நாளில் மெத்தையில் படுத்தது ஆஸ்பத்திரிக்கு அடுத்து அதுதான்.

கம்பெனிப் பக்கம் நான் தலைவைத்தும் படுக்கவில்லை. ஆனால் ஒரு வாரம் போவதற்குள் முதுகு முழுக்கத் தடித்தது. பின்னங்கழுத்து, தோள்பட்டை, முழங்கைக்குப் பின்புறம், கெண்டைக்கால், எல்லா இடத்திலும் சிவந்து நீர் கோத்துக்கொண்டது. ஆறின கையும் மறுபடி வெடித்தது. கத்திரி வெயில், வேர்வையில் உடம்பு தீயாய் எரியும். அஞ்சலை இரவெல்லாம் விசிறுவாள். மறுபடி விழுப்புரம். மறுபடி ரோஸ் தண்ணீர், களிம்பு, கட்டு. மறுபடி ஆறியது.

டாக்டரம்மா குழம்பிப்போனார். “வேலைக்குப் போனியா?”

“அம்மா சத்தியமா போகலைங்க.”

“வீட்டுல சிமெண்ட் தரையா? புதுசா பூசினீங்களா?”

“மண்ணு தரைங்க. கூரை வீடு. பொட்டு சிமெண்ட் கெடையாதுங்க.”

எனக்குத் தெரிந்தவரை அது உண்மைதான்.

அந்தத் தடவை அக்கா என்னைத் திண்டிவனத்துக்கு அனுப்பவில்லை. ரயில்வே காலனிக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்கே கூட்டிப்போனாள். அங்கே பாயில்தான் படுத்தேன். உடம்பில் ஒரு தடிப்புகூட வரவில்லை. முகம் தெளிந்தது, கன்னத்தில் சதை போட்டது. சரி, சனி விட்டது என்று என் வீட்டுக்குத் திரும்பினேன். நாலாம் நாளே முதுகு பிடித்துக்கொண்டது.

அக்கா ஓடி வந்தாள். என் முதுகைப் பார்த்தாள். அப்புறம் அஞ்சலையைப் பார்த்தாள். மனதில் இருந்தது அப்படியே வாயில் வந்துவிட்டது.

“ஆஸ்பத்திரில இருந்தா ஆறுது. என் வூட்ல இருந்தா ஆறுது. இங்க வந்தா மட்டும் புடிச்சிக்குது. இன்னா அர்த்தம் ஏழுமல? இவ கை உனக்கு ஆவல. கட்டிக்கினு வந்த நாள்லேருந்து இவ கையாலதான திங்கற? இவ கைதான ஒன் ஒடம்பு பூரா படுது?”

“அக்கா, வாய மூடு. டாக்டரு சிமெண்டுன்னு சொல்லியிருக்காங்க” என்று கத்தினேன்.

“இங்க எங்கடா இருக்குது சிமெண்டு? காட்டு பாக்கலாம்!”

 அக்கா கெட்டவள் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னாள். நான் எவ்வளவு கத்தியும் பிரயோசனம் இல்லாமல் போனதற்குக் காரணம் வேறு. அஞ்சலையே அதை நம்பிவிட்டாள். அன்று ராத்திரி சோற்றைக் கரண்டியால் ஊட்டினாள். கை பட்டுவிடுமோ என்று கரண்டியின் கடைசி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “போடி பைத்தியக்காரி” என்று கரண்டியைத் தட்டிவிட்டேன். சிதறின சோற்றைப் பொறுக்கினாள். அவள் வேறு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நோய்க்குக்கூட நான் அப்படி அழுததில்லை.

மூன்றாவது தடவையாக வார்டு. பனமலைக்காரர் இன்னும் அங்கேதான் இருந்தார், கால் ஆறாமல். “இன்னாய்யா, சீசன் டிக்கெட் எடுத்துட்டியா? செம பேஜாருய்யா ஒன் ஒடம்பு” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்து போடப் போட உடம்பு தணிந்துகொண்டே வந்தது. அஞ்சலை வரவில்லை. அக்காதான் சோறு கொண்டுவந்தாள். “அவளாத்தான் வர்லன்னு சொல்லிட்டா. நான் தடுக்கல” என்றாள்.

பிறகு ஒரு மத்தியானம் அஞ்சலை வந்தாள். தலையில் ஒரு படுக்கைச் சுருட்டு, கையில் துணி மூட்டை. சுருட்டைக் கீழே இறக்கி வைத்தாள். அந்தப் பச்சை மெத்தை.

“இன்னாமே இது?”

“கட்டில்ல இரும்பு குத்துதுன்னு சொன்னீங்கள்ல. இதுல படுத்துக்கங்க.” ரெக்சின்மேல் அதை விரித்துச் சுருக்கம் போக நீவிவிட்டாள். என்மேல் அவள் விரல் பட்டுவிடக்கூடாது என்று என்னைக் கட்டிலின் அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னாள். “நான் கிளியனூர் போறேங்க. அம்மா வூட்டுக்கு. நீங்க நல்லாகிற வரைக்கும். நல்லாயிட்டீங்கன்னா…” 

“நல்லானா?”

“வேற யாரனா பாத்துக்கங்க. அக்கா பாப்பாங்க. நான் ஒன்னும் நெனச்சிக்கமாட்டேன்.”

“செருப்பால அடிப்பேன்” என்றேன். அவள் சிரிக்க முயற்சி பண்ணினாள். கட்டுப் போட்ட கையால் அவள் கையைப் பிடிக்கப் போனேன். நெருப்பைக் கண்டவள்போலப் பின்னால் நகர்ந்தாள். “வேணாம்ங்க. இப்பதான் ஆறிக்கினு வருது” என்று சொல்லிவிட்டு, வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, போய்விட்டாள். பனமலைக்காரர் மெத்தையைத் தொட்டுப் பார்த்து, “மாமனார் வூட்டு சீரா?” என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவள் போய்விட்டாள், அவள் தைத்ததாவது இருக்கிறதே என்று அதில்தான் படுத்தேன். எழுந்திருக்கவே மனமில்லை. முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தேன்.

வார்டில் இருக்கும்போது எனக்கு ஒருமுறைகூட நோய் பொங்கினதில்லை. இந்த முறை பொங்கிவிட்டது. முதுகு மட்டுமா, கன்னம், நெற்றி, இமை எல்லாம் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “வந்துட்டுப் போனா பாரு! வந்துட்டுப் போனதுக்கே!” டாக்டரம்மா வந்தார். முன்பக்கம் பார்த்தார், திரும்பச் சொல்லிப் பின்பக்கம் பார்த்தார். நெஞ்சில் ஒன்றும் இல்லை. வயிற்றில் ஒன்றும் இல்லை.

“நீ மல்லாந்து படுக்கற ஆளா?” என்றார்.

“ஆமாங்க.”

“இந்தத் தடவை கவுந்தும் படுத்தியா?”

“ஆமாங்க. மனசு சரியில்லங்க.”

“இந்த மெத்தை ஏது?”

“எம் பொண்டாட்டி தச்சதுங்க.”

“உள்ள என்ன வச்சிருக்கா?”

“கோணிங்க. கம்பெனி கோணி.”

“கம்பெனி கோணியா?” என்றார். எங்கள் வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? அப்போதெல்லாம் சிமெண்ட் கோணியில்தான் வரும். நல்ல கோணி வியாபாரிக்குத் திரும்பிப் போகும். கிழிந்ததை எல்லாம் சேர்த்துவைத்து, ஆயுத பூஜை அன்று பொரி, கடலை, வாழைப்பழத்தோடு எங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். அதில் கதவுக்குப் படுதா கட்டுவோம், வாசலில் போடுவோம், மழைக்குத் தலையில் கொங்காணி போட்டுக்கொள்வோம். ஆனால் யாரும் அதைத் தண்ணீரில் நனைக்கமாட்டோம். நனைத்தால் ஒட்டியிருக்கிற சிமெண்ட் இறுகிச் சாக்கு விறைத்துப்போகும். அதனால் விளக்குமாற்றால் தட்டி, வெயிலில் போட்டு எடுத்துவைப்போம். பரணில் இருந்த அந்தக் கோணிகளைத்தான் அஞ்சலை தட்டித் தட்டி, அடுக்கடுக்காக வைத்துத் தைத்திருந்தாள்.

டாக்டரம்மா மெத்தையின் ஒரு ஓரத்தைத் தூக்கித் தரையில் ஓங்கித் தட்டினார். சேலையின் நெசவு வழியாக மெல்லிசாகச் சாம்பல் நிறத்தில் தூசி எழும்பியது. சிவப்புத் தரையில் ஒரு கோடு படிந்தது. அவர் அதை விரலால் தொட்டு என்னிடம் காட்டினார். வீங்கின கண்ணாலேயே எனக்கு அடையாளம் தெரிந்தது. வருஷக்கணக்காக அதில்தானே உழன்றேன். “வேர்வையில இது கரைஞ்சி உன் தோல்ல ஊறியிருக்கு. வீட்ல பொட்டு சிமெண்ட் இல்லைன்னு சொன்னியே ஏழுமலை” என்றார். கோணியைச் சிமெண்ட் என்று நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை. கோணி கோணிதானே. வார்டு ஆயா மெத்தையை எடுத்துப்போய்ப் பின்னால் கொளுத்திவிட்டார்.

உடம்பு தணிந்த பிறகு டாக்டரம்மா ஒரு சோதனை செய்தார். முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன ஒட்டு. ஒவ்வொன்றின் அடியிலும் ஒவ்வொரு பொருள், துளித் துளியாக. குளிக்கக் கூடாது, சொறியக் கூடாது, பொறுத்திருந்து பிரித்துப் பார்ப்பார்களாம். ரப்பர் வைத்த இடம் சும்மா இருந்தது. வெறும் சணல் வைத்த இடமும் சும்மா இருந்தது. குரோமியம் கலந்த உப்பு வைத்த இடம் மட்டும் சிவந்து கொப்புளித்திருந்தது. சிமெண்டில் இருக்கிறது என்று அவர் முதலில் சொன்ன உப்பு அதுதான். “உன் உடம்பு இத மறக்காது. ஆயுசுக்கும் இப்படித்தான். ஆனா கிட்ட போகாம இருந்தா நல்லாயிருக்கலாம்” என்றார்.

அக்காவிடம் சொன்னேன்.  “நான் போயி அவள இட்டாரட்டா?” என்று கேட்டாள். வேண்டாம், நானே போகிறேன் என்றேன்.

டிஸ்சார்ஜ் ஆன அன்றே திண்டிவனம் போய்ப் புதுச்சேரி பஸ் பிடித்துக் கிளியனூரில் இறங்கினேன். வழியெல்லாம் எனக்குள் ஒரே சந்தோஷம். ‘உன் கை இல்ல அஞ்சல, உன் கை இல்ல’ என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவள் புளியமர நிழலில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாலடி தள்ளிப்போய் நின்றாள்.

“ஒக்காரு. ஒன் கை இல்ல. டாக்டரம்மா கண்டுபுடிச்சிட்டாங்க. சிமெண்டுதான்.”

“வூட்ல ஏதுங்க சிமெண்டு?”

“கோணி. கம்பெனி கோணில ஒட்டிக்கினு இருந்தது.”

அவள் முகம் மலர்ந்தது. நான் சத்தியமாகப் பார்த்தேன், ஒரு நொடி மலர்ந்தது. அப்புறம் கையிலிருந்த மல்லாட்டை கீழே விழுந்தது.

“மெத்தையா?” என்றாள்.

நான் குனிந்து மல்லாட்டையைப் பொறுக்கினேன்.

“நான் தச்ச மெத்தையா? ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு வந்தேனே, அதா?”

“தெரிஞ்சா செஞ்ச? நமக்கு யாரு சொன்னாங்க? ஆயுத பூஜைக்குக் குடுத்தவனே சொல்லல.”

“அது எங்க இப்ப?”

“கொளுத்திட்டாங்க.”

“எஞ் சேலையும் அதுலதான் இருந்திச்சி” என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப அக்கா சொன்னது சரிதானங்க. என் கைதான?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அறிவு இருக்கிறதா, மண்டையில் களிமண்ணா என்று புளியமரமே அதிரக் கத்தினேன். அவள் அம்மா வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தார். கத்திக்கொண்டே அழுதேன். என்னோடு புறப்பட்டு வந்துவிட்டாள். பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள்.

அதற்கப்புறம் கம்பெனிக்குப் போய் முதலாளியிடமும் மேஸ்திரியிடமும் எல்லாம் சொன்னேன். தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு பம்பு போட்டார்கள். அந்த வருஷ ஆயுத பூஜைக்குப் பொரி மட்டும் கொடுத்தார்கள், கோணி கொடுக்கவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் என்னைக் கண்டபடி ஏசினார்கள். “ஒன் நோவு ஒன்னோட போவாம எங்க கோணிக்கும் வேட்டு வச்சிட்டியே” என்று ஒருவன் ரோட்டில் நிறுத்திச் சண்டைக்கு வந்தான். வையட்டும், பரவாயில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதையும் சொல்கிறேன். சிமெண்ட் பட்ட கையை நல்ல தண்ணீரில் உடனே கழுவுங்கள், ஊறப்போடுகிற தொட்டியில் வேண்டாம். ரப்பர் கையுறைக்குள் நூல் கையுறை போடுங்கள், உள்ளே தண்ணீர் போனால் கழற்றிக் கழுவிவிட்டு மாட்டுங்கள். வேலைத் துணியோடு வீட்டுக்குள் படுக்காதீர்கள். சிமெண்ட் கோணியை வீட்டுக்குக் கொண்டுபோகவே போகாதீர்கள். முதல் அரிப்பிலேயே தோல் டாக்டரிடம் காட்டுங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வீட்டில் ஒருவருக்கு ஆறாத புண் இருந்தால், அதற்காகப் பக்கத்தில் இருக்கிறவர்கள்மேல் பழி போடாதீர்கள்.

இப்போது எனக்கு மல்லாட்டை மண்டியில் மூட்டைக்கு நம்பர் போடுகிற வேலை. அங்கேயும் கோணிதான், ஆனால் அது என்னை ஒன்றும் செய்வதில்லை. கை பழையபடி வழவழப்பாக ஆகவில்லை. குளிர் நாளில் வெடிக்கும், களிம்பு போட்டால் அடங்கும். அக்கா வந்தால் அஞ்சலைக்குப் பூ வாங்கிக்கொண்டுதான் வருவாள். பழைய பேச்சை யாரும் எடுப்பதில்லை.

அஞ்சலை மட்டும் அதற்குப் பிறகு ஊசியைத் தொடவே இல்லை. என் சட்டையில் பொத்தான் போனால் டைலரிடம்தான் கொடுக்கிறாள். ராத்திரி என் கைக்குக் களிம்பு போட வேண்டும் என்றால் முதலில் கொல்லைக்குப் போவாள். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவுவாள், இன்னொரு தரம் கழுவுவாள், முந்தானையில் துடைக்காமல் காற்றில் ஆறவிட்டுக்கொண்டு வந்து உட்காருவாள். டாக்டரம்மாவிடமே கூட்டிப்போய்ச் சொல்லச் சொல்லிவிட்டேன், திட்டியும் பார்த்துவிட்டேன், கெஞ்சியும் பார்த்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். நேற்று ராத்திரியும் கழுவிக்கொண்டு வந்துதான் என் கையைத் தொட்டாள்.